சால்வையும் மொட்டைக் கடிதமும்

ஒரு குருவானவர் நம் சேகரத்தை விட்டு மாற்றலாகிப் போகும்போது, ஆராதனை முடிந்ததும் பிரிவுபசாரக் கூட்டம் வைக்கிறோம். சால்வை போடுகிறோம். வாலிபர் சங்கத்திலிருந்து ஒருவர், பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து ஒருவர், சேகரக் கமிட்டியிலிருந்து ஒருவர் என்று எழுந்து பேசுகிறோம். அவருடைய பிரசங்கங்களால் எவ்வளவு ஆசீர்வாதம் பெற்றோம் என்று சொல்கிறோம். ஐயரம்மாவின் கண் கலங்குகிறது. அப்படிப் பேசுகிறவர்களிலேயே சிலர், அவரை மாற்றச் சொல்லிப் பேராயர் அலுவலகத்துக்குப் போன மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள். இன்னும் சிலர் கையெழுத்தே இல்லாத கடிதம் எழுதியவர்கள். மற்றவர்கள், எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் இருந்தவர்கள். இந்த மூன்றிலும் சேராதவர்கள் அந்தக் கூட்டத்தில் மிகச் சிலரே. நானும் அந்த பெஞ்சுகளில் உட்கார்ந்து கை தட்டியவன்தான்.

தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன் சபை, பெந்தெகொஸ்தே சபை என்று எதைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், அதிகாரத்தில் இருப்பவர்களோடு பழக நாம் இரண்டு விதங்களைத்தான் பழகி வைத்திருக்கிறோம். முகத்துக்கு முன் புகழ்ச்சி, முதுகுக்குப் பின் ஏச்சு. முதலாவதற்குத் தாழ்மை என்று பெயர் வைத்திருக்கிறோம். இரண்டாவதற்கு நீதிக்கான வைராக்கியம் என்று பெயர். நேரே போய் உட்கார்ந்து, மரியாதை குறையாமல், மனதில் உள்ளதைச் சொல்லி, சொன்ன பிறகும் அவருக்காக ஜெபிக்கிற வழி ஒன்று உண்டு. அது நமக்குத் தெரியாததில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே படிப்படியாகச் சொல்லி வைத்திருக்கிறார். முதலில் தனியாகப் போக வேண்டும். கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் பிறகுதான் சபைக்குச் சொல்ல வேண்டும். இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் வாட்ஸ்அப்பில் ஊருக்கே சொல்கிறோம். கடைசியில், அவர் சாமான்களை லாரியில் ஏற்றுகிற நாளில், தனியாகப் போய்க் கைகொடுக்கிறோம்.

ஏன் இப்படி ஆனோம் என்று யோசித்தால், பெரிய இறையியல் காரணம் எதுவும் இல்லை. நேரில் போவது சிரமம். போனால் அவர் கோபப்படலாம். அதைவிடக் கஷ்டம், அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி நம் வாயை அடைத்துவிடலாம். மகளின் திருமண ஓலை அவர்தான் வாசிக்க வேண்டும். மகனுக்குச் சபைப் பள்ளிக்கூடத்தில் வேலை கேட்டு வைத்திருக்கிறோம், அதற்கு அவருடைய சிபாரிசு வேண்டும். இவ்வளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கிறவனுக்கு மௌனம்தான் லாபமாகத் தெரியும். ஆனால் மனதில் இருப்பது எங்காவது வெளியே வந்தாக வேண்டுமே. அது மொட்டைக் கடிதமாக வருகிறது, டீக்கடையில் வருகிறது, திருமண்டலத் தேர்தல் நேரத்து நோட்டீஸில் வருகிறது.

எல்லாவற்றையும்விட அதிகமாக அது வருவது நம் சாப்பாட்டு மேசையில். ஞாயிற்றுக்கிழமை மதியம் குழம்பு பரிமாறும்போதே பிரசங்கத்தைக் கூறு போட ஆரம்பித்துவிடுகிறோம். இன்றைக்கு எத்தனை நிமிஷம் இழுத்தார், எந்தக் கதையைத் திரும்பச் சொன்னார், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனார், யார் வீட்டுச் சாவுக்குப் போகவில்லை. பக்கத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். காலையில் அதே குருவானவர் முன்னால் கைகட்டி நின்று, 'இன்றைக்குச் செய்தி அருமை ஐயா' என்று நாம் சொன்னதையும் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பிக்க வைத்து அவர்களுக்குச் சத்தியத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தோம். பெரியவர்களோடு எப்படிப் பழகுவது என்பதை அவர்கள் நம் சாப்பாட்டு மேசையில் கற்றுக்கொண்டார்கள். இன்று வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகள் சபைப் பக்கம் வருவதில்லை என்று வருத்தப்படுகிறோம். அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். நம் இரட்டை நாக்கு அதில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

குருமனையில் இருப்பவர்களும் மனிதர்கள் என்பதை நாம் மறந்தே போனோம். சில வருஷத்துக்கு ஒருமுறை கோடையில் மாறுதல் உத்தரவு வருகிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் மாற வேண்டும், சிநேகிதர்களை விட்டுப் போக வேண்டும். ஐயரம்மா ஒரு வேலையில் இருந்தால் அதை விடுவதா, தனியாகத் தங்குவதா என்று தவிக்க வேண்டும். புது ஊரில் இறங்குவதற்கு முன்பே, இவர் எந்தக் கட்சி ஆள் என்ற விசாரணையை நாம் முடித்திருப்போம். குருமனையின் ஓடு ஒழுகுவதைச் சரி செய்ய ஒரு மழைக்காலம் முழுவதும் எடுத்துக்கொள்கிற கமிட்டி, அவர் ஒரு கையெழுத்துப் போடத் தாமதித்தால் ஒரு வாரம் பொறுக்காது.

அப்போஸ்தலர் நடபடிகள் 23ஆம் அதிகாரத்தை நாம் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறோம். பவுல் ஆலோசனைச் சங்கத்தின் முன் நிற்கிறார். வாய் திறந்து ஒரு வாக்கியம் சொன்னதுமே, அவர் வாயில் அடிக்கும்படி பிரதான ஆசாரியனாகிய அனனியா கட்டளையிடுகிறான். பவுலுக்குக் கோபம் வருகிறது. வெள்ளையடித்த சுவர் என்று திட்டிவிடுகிறார். நியாயப்பிரமாணத்தின்படி என்னை விசாரிக்க உட்கார்ந்துவிட்டு, நியாயப்பிரமாணத்துக்கு விரோதமாக அடிக்கச் சொல்கிறாயா என்று கேட்கிறார். பக்கத்தில் நின்றவர்கள், பிரதான ஆசாரியரையா வைகிறாய் என்கிறார்கள். அதே இடத்தில், அதே மூச்சில், பவுல் இறங்கி வருகிறார். அவர் இன்னார் என்று தெரியாது என்கிறார். ஜனத்தின் அதிபதியைத் தீதாகப் பேசக் கூடாது என்ற யாத்திராகமத்துக் கட்டளையைத் தானே எடுத்துச் சொல்லித் தன்னையே அதற்குக் கீழே நிறுத்துகிறார்.

இந்த அனனியா நல்ல மனிதன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஏழை ஆசாரியர்களுக்குச் சேர வேண்டிய தசமபாகத்தை அவனுடைய வேலைக்காரர்கள் களத்திலேயே அடித்துப் பிடுங்கினார்கள் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதி வைத்திருக்கிறார். நம் காலத்தில் இருந்திருந்தால் அவனைப் பற்றி எத்தனை நோட்டீஸ் அடித்திருப்போம்! பவுல் அவன் யோக்கியதையைப் பார்த்துப் பின்வாங்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடத்துக்கு மதிப்புக் கொடுத்தார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. அவர் விலக்கிக்கொண்டது ஏச்சை மட்டும்தான். விசாரிக்காமல் அடிக்கச் சொன்னது சட்டத்துக்கு விரோதம் என்ற பேச்சை அவர் விலக்கிக்கொண்டதாக அங்கே எழுதியிருக்கவில்லை. நாம் செய்வது நேர் எதிர். பயம் வந்தால் குற்றச்சாட்டை விழுங்கிவிடுகிறோம். ஏச்சை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறோம்.

ஆண்டவர் விசாரிக்கப்பட்ட இராத்திரியிலும் இதே காட்சி உண்டு. பிரதான ஆசாரியனின் முன் ஒரு சேவகன் அவரை அறைகிறான். அவர் சபிக்கவும் இல்லை, வாயை மூடிக்கொண்டு நிற்கவும் இல்லை. தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பு என்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்கிறார். கன்னத்தில் அடி விழுந்த பிறகும் அந்த மனிதனை, நியாயம் சொன்னால் விளங்கிக்கொள்ளக் கூடியவனாகவே அவர் நடத்துகிறார். மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர் இவர்தான். அந்தப் போதனைக்கு இவரே எழுதிக் காட்டிய உரையாகத்தான் இந்தக் கேள்வியை நான் படிக்கிறேன்.

பிலிப்பி பட்டணத்தில் விசாரணையே இல்லாமல் பவுலையும் சீலாவையும் அடித்துக் காவலில் வைத்த அதிகாரிகள், மறுநாள் காலையில் சத்தமில்லாமல் போய்விடச் சொன்னார்கள். பவுல் போகவில்லை. நாங்கள் ரோமக் குடிகள், அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். வந்தார்கள், வேண்டிக்கொண்டார்கள். அதோடு அவர் விட்டுவிட்டார். லீதியாளின் வீட்டுக்குப் போய்ச் சகோதரர்களைத் தேற்றிவிட்டு ஊரை விட்டுப் புறப்பட்டார். தாழ்மையுள்ளவன் நியாயம் கேட்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்க வேண்டும்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாழ்மை என்ற பெயரில் நாம் செய்த பாவங்களில் மிகப் பெரியதை இன்னும் சொல்லவில்லை. சபையில் அதிகாரத்தில் இருந்த ஒருவரால் காயப்பட்ட ஒரு பெண்ணோ, விடுதியில் தங்கிப் படித்த ஒரு பிள்ளையோ, கணக்குக் கேட்டதற்காக ஒதுக்கப்பட்ட ஓர் எளிய ஊழியரோ நம்மிடம் வந்து சொன்னபோது, நாம் என்ன சொன்னோம்? கர்த்தர் அபிஷேகம் பண்ணினவரைத் தொடக் கூடாது என்றோம். சவுலின் சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்துக்கொண்டு அவனை உயிரோடு விட்ட தாவீதை உதாரணம் காட்டினோம். அந்தக் கதையில் தாவீது வெளியே வந்து, தொங்கலைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்க ராஜாவிடம் நியாயம் கேட்கிறான் என்பதைச் சொல்லாமல் விட்டோம். தாவீதே ராஜாவான பிறகு பத்சேபாள் விஷயத்தில் நாத்தான் அரண்மனைக்குப் போனதையும் சொல்லாமல் விட்டோம். சபையின் பெயர் கெட்டுவிடுமே என்றோம். ஜெபியுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று அனுப்பி வைத்தோம். நம்முடைய பயத்தை அவர்கள் தோளில் ஏற்றி, அதைச் சுமப்பதுதான் கிறிஸ்தவத் தாழ்மை என்று போதித்தோம். மூப்பருக்கு விரோதமான குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்கக் கூடாது என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே, பாவம் செய்கிறவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளச் சொல்கிறார். முதல் வசனத்தில் நாம் நின்றுவிட்டோம். கிருபையாக இருப்பது என்றால் பலமுள்ளவனுக்குச் சாதகமாக இருப்பது என்று ஒரு தலைமுறை நம்மிடமிருந்து கற்றுக்கொண்டுவிட்டது.

புகழ்ச்சிக்கும் ஏச்சுக்கும் நடுவே உள்ள அந்த வழியில் நடந்தவர்கள் நம் மண்ணிலேயே இருந்தார்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவின் படம் நம் மன்றங்களில் மாட்டியிருக்கிறது. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர், 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றவர் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். 1910 ஜூனில் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியதும் தெரியும். அவர் பேசிய விதத்தை மட்டும் நாம் கற்றுக்கொள்ளவில்லை.

அந்த மண்டபத்தில் கிட்டத்தட்ட 1,200 பிரதிநிதிகள் இருந்தார்கள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேருக்கு உள்ளேதான். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், இந்திய ஊழியர்களின் சம்பளத்தையும் பதவியையும் முடிவு செய்கிற மிஷன்களின் தலைவர்கள். பேசியவருக்கு வயது முப்பத்தைந்து. மிஷனெரிகளுக்கும் உடன் உழைக்கும் இந்தியர்களுக்கும் நடுவே இருந்த விலகலை, பெரிய இடத்துக்காரர் கீழே இருப்பவரோடு பழகுகிற அந்தப் பழக்கத்தை, ஒளிக்காமல் சொன்னார். முடிவில், மிஷனெரிகளின் தியாகத்தை மனதார நினைவுகூர்ந்து, அவர் அவர்களிடம் கேட்டது நட்பை. சபையில் சலசலப்பு எழுந்தது, சிலருக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. அந்த மிஷன்களை உதறிவிட்டும் போகவில்லை. தன் ஊழிய இடமான தோர்ணக்கல்லுக்குத் திரும்பி, அதே மனிதர்களோடு சேர்ந்து, 1945 ஜனவரி 1 அன்று கண்மூடும் வரை உழைத்தார்.

இந்தப் பேச்சில் எனக்குப் பிடித்த இடம் நன்றி சொன்ன இடம். அது நம் பிரிவுபசார மேடைப் புகழ்ச்சி மாதிரி இல்லை. யாரிடம் குறை சொன்னாரோ அவர்களிடமிருந்து தான் பெற்றுக்கொண்டதை உண்மையாகவே எடை போட்டுப் பார்த்த ஒருவரின் நன்றி அது. குறை சொல்கிறவன் நன்றியின் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பதை நாம் விட்டுவிட்டோம். நமக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இராத்திரி வந்து ஜெபித்தவர், ஒரு தேர்தலில் நம் அணிக்கு எதிராக நின்றதும் அத்தனையும் அழிந்துபோகிறது.

நம் முன்னோர் ஒன்றுகூடிப் பேசுவதற்கு எடுத்துக்கொண்ட காலத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 1919 மே மாதம் தரங்கம்பாடியில் அசரியாவும் மற்றவர்களும் கூடி ஒரே சபையாவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27 அன்று, சென்னை ஜார்ஜ் பேராலயத்தில். நடுவே 28 வருஷம். அவ்வளவு காலம் இழுத்ததற்கு முக்கியக் காரணமே அதிகாரம் பற்றிய கேள்விதான். ஆங்கிலிக்கன் பேராயரின் அபிஷேகத்துக்கு என்ன இடம், பேராயரே இல்லாத சபைகளிலிருந்து வரும் குருமார்களுக்கு என்ன இடம் என்று திரும்பத் திரும்பப் பேசினார்கள். முறிந்துபோகும் என்று தோன்றிய கட்டங்கள் வந்தன. எழுந்து போகாமல் பேசி முடித்தார்கள். அந்த ஐக்கியத்தைப் பார்க்க அசரியா உயிரோடு இல்லை. அவர்கள் விட்டுப்போன வீட்டில் குடியிருக்கிற நாம், ஒரு திருமண்டலத் தேர்தல் முடிவை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போகிறோம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் வந்து சபையின் நிர்வாகத்தைப் பார்க்கும் நிலையைக்கூடக் கண்டுவிட்டோம். நீதிமன்றத்துக்குப் போவதே பாவம் என்று சொல்ல மாட்டேன். பவுலும் ராயனுக்கு அபயமிட்டவர்தான். ஆனால் வக்கீலைப் பார்ப்பதற்கு முன் எதிர்த் தரப்பு அண்ணாச்சியின் வீட்டுப் படியேறி ஒரு தரம் பேசிப் பார்த்தோமா? பெரும்பாலும் இல்லை.

ஜெயிக்க வேண்டும் என்ற ஆசைதான் நம்மைக் கெடுத்தது. அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் 1963இல் கறுப்பினக் கிறிஸ்தவர்கள் இனப் பாகுபாட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அதற்கு முன் தொண்டர்கள் ஓர் அட்டையில் கையெழுத்திட வேண்டியிருந்தது. அதில் பத்து உறுதிமொழிகள். தினமும் இயேசுவின் வாழ்வையும் போதனையையும் தியானிப்பது, நண்பரிடத்திலும் எதிரியிடத்திலும் மரியாதையாக நடந்துகொள்வது என்பவை அவற்றில் சில. இந்த இயக்கம் நாடுவது நீதியையும் ஒப்புரவையும்தான், வெற்றியை அல்ல என்பதும் ஒன்று. எதிரே போலீஸ் நாய்களும் தீயணைப்பு வண்டியின் தண்ணீர்க் குழாய்களும் இருந்தன. இந்தப் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊர்ச் சிறையிலிருந்து ஏப்ரல் 16 தேதியிட்டு எழுதிய கடிதம், தங்கள் போராட்டத்தைக் காலம் பொருந்தாதது என்று குறை சொன்ன எட்டு வெள்ளைக் குருமாருக்கு எழுதிய பதில். அவர்களுடைய நல்லெண்ணத்தை ஒப்புக்கொண்டுதான் அவர் தொடங்குகிறார். அதன் பிறகு ஒரு வாதத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. நாய் பாயும் தெருவில் நின்றவர்களுக்கு முடிந்த மரியாதை, மின்விசிறிக்குக் கீழே பெருமன்றக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு முடியாமல் போனது. மைக்கைப் பிடுங்கியிருக்கிறோம், நாற்காலியைத் தள்ளியிருக்கிறோம், அதைச் செல்போனில் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறோம்.

அரசாங்க அதிகாரிகளிடம் நாம் நடந்துகொள்வதும் இதைவிட மேலானதில்லை. ஞாயிறுதோறும் ஜனாதிபதிக்காக, பிரதம மந்திரிக்காக, முதலமைச்சருக்காக ஜெபிக்கிறோம். பெயர்கள் நம் வாயில் ஓடுகின்றன, மனம் காணிக்கை உறையைத் தேடிக்கொண்டிருக்கிறது. நமக்குப் பிடித்த கட்சி ஆண்டால் அந்த ஜெபத்தில் கொஞ்சம் உயிர் வருகிறது, பிடிக்காத கட்சி என்றால் அதுவும் இல்லை. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்லிப் பவுல் ரோமருக்கு எழுதிய காலத்தில் சிம்மாசனத்தில் இருந்தவன் நீரோ. கிறிஸ்துமஸ் விழா மேடைக்குத் தலைவர்களை அழைத்துச் சால்வை போடுகிறோம். அவர்கள் முன் நாம் வைத்த கோரிக்கைகளைத் திரும்பிப் பார்த்தால் நம் கல்லறைத் தோட்டம், நம் பள்ளிக்கூடம், நம் பட்டா என்று நம்முடையவையாகவே இருக்கின்றன. நம் தெருச் சாக்கடையில் இறங்குகிறவனுக்காக அந்த மேடையில் ஒரு வார்த்தை பேச நமக்குத் தோன்றவில்லை.

தானியேல் ராஜாவின் போஜனம் வேண்டாம் என்று தீர்மானித்தபோது, தன்னைப் பராமரித்த அதிகாரியிடம் போய் அனுமதி கேட்டான். அந்த மனிதன் தன் பயத்தைச் சொன்னான்: நீங்கள் வாடிப்போனால் ராஜா என் தலையை வாங்கிவிடுவார். தானியேல் அந்தப் பயத்தைப் புரிந்துகொண்டு, அந்த அதிகாரி நியமித்த விசாரிப்புக்காரனிடம் பத்து நாள் மட்டும் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வழி சொன்னான். நாற்காலியில் இருக்கிறவனுக்கும் மேலே ஒரு நாற்காலி உண்டு, அவனுக்கும் இராத்திரி தூக்கம் வராத கவலைகள் உண்டு என்று நினைத்துப் பார்த்திருந்தால், தாலுகா ஆபீஸில் நாம் கத்திய கத்தல்களில் பாதி குறைந்திருக்கும். கத்தி வேலையாகாது என்று தெரிந்ததும் மேசைக்கடியில் கவர் நீட்டியதும் நாம்தான். எரிச்சலும் லஞ்சமும் இரண்டுமே அந்த மனிதனை மனிதனாகப் பார்க்க மறுப்பதுதான்.

நமக்கு மேலே இருப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். நம் தாழ்மை உண்மைதானா என்று பார்க்க வேண்டிய இடம் நமக்குக் கீழே இருக்கிறது. பேராயரின் கார்க் கதவைத் திறக்க ஓடுகிற நாம், ஆலயத்தைப் பெருக்கி மணி அடிக்கிற கோயில்பிள்ளையைப் பெயர் சொல்லி அதட்டுகிறோம். உபதேசியாருக்குச் சம்பளம் ஏன் இவ்வளவு குறைவு என்று கமிட்டியில் கேட்க ஆளில்லை. கமிட்டி மெம்பர் என்ற சின்ன அதிகாரம் நம் கைக்கு வந்ததும், எதற்காக மற்றவர்களைத் திட்டினோமோ அதையே நாமும் செய்தோம். யாராவது நம்மிடம் நேரில் வந்து, மரியாதையோடு ஒரு குறை சொன்னால் அதைக் கேட்கிற பக்குவம் நமக்கு இருந்ததா? வந்தவரை எதிரி என்று குறித்துவைத்தோம். பிறகு எப்படி யாரும் நேரில் வருவார்கள்?

இதையெல்லாம் மாற்ற முடியாது என்று நான் நினைக்கவில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கிற ஒரு முறை இருக்கிறது. பலிபீடத்திலிருந்து தொடங்கி, குவித்த கைக்குள் கை வைத்து, ஒருவரிலிருந்து ஒருவருக்கு அது கடைசி வரிசை வரை போகும். எப்போது பார்த்தாலும் பக்கத்து ஆளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைக் கடத்திவிடுகிறோம். முகத்தைப் பார்த்துக் கொடுப்பதற்கு யாருடைய உத்தரவும் வேண்டாம். கையெழுத்தில்லாத கடிதத்தைப் படிக்காமலே கிழிப்பது என்று ஒரு கமிட்டி தீர்மானம் போடலாம். அப்படிப் போடுகிற கமிட்டி, கையெழுத்துப் போட்டு எழுதுகிறவருக்குக் கெடுதல் வராது என்பதற்கும், பெயர் சொல்லப் பயப்படுகிற பாதிக்கப்பட்டவர் நம்பிப் போக ஓர் ஆள் இருப்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் கிழிப்பதும் இன்னொரு மூடி மறைப்பாகவே முடியும். குருவானவர் இருக்கும்போதே அவருக்கு நன்றி சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் முன்னால் பிரசங்கத்தில் பிடித்த ஒன்றைப் பேசலாம், பிடிக்காததை வைத்திருந்து குருமனையில் போய்ச் சொல்லலாம். தேர்தலில் எதிரெதிரே நிற்கிறவர்கள் மனுத்தாக்கல் செய்வதற்கு முந்தின நாள் ஒன்றாக உட்கார்ந்து ஜெபிக்கலாம். ஜெபித்த பிறகு என்ன பேச வரும் என்று பார்க்கலாம்.

ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. நாம் வாயடைத்து அனுப்பியவர்களில் பலர் இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. சிலர் ஊரை விட்டே போய்விட்டார்கள். சபைப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இன்னும் இருக்கிறது, விசாரித்தால் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அன்று ஜெபித்துக்கொள்ளச் சொன்னவர்கள் யார் யார் என்பதும் நமக்குத் தெரியும். போக வேண்டியவர்கள் அவர்கள்தான், நாம்தான். திரும்ப ஆலயத்துக்கு வாருங்கள் என்று கேட்கப் போகக் கூடாது. நாங்கள் செய்தது தவறு என்று சொல்லப் போக வேண்டும். அவர்கள் கதவைத் திறக்காவிட்டால் அதற்காக வருத்தப்பட நமக்கு உரிமை இல்லை. திறந்து உட்காரச் சொன்னால், அன்றைக்கு நாம் கேட்க மறுத்ததை அவர்கள் முழுவதும் சொல்லி முடிக்கிற வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். அதை எழுதித் தரட்டுமா என்று அவர்கள் கேட்டால், அதை எடுத்துக்கொண்டு, நம் பெயரையும் கீழே எழுதி, பேராயரின் முன்போ காவல் நிலையத்திலோ அவர்களோடு போய் நிற்க வேண்டும்.